மஞ்சள் பெட்டி, பச்சைப் பெட்டி, ஊட்டித் தொழிற்சாலை

நிறுவனங்கள் காலத்துக்கேற்ப மாற வேண்டும் என்று பேச வருகிற எவரும் கோடாக்கை இழுக்காமல் விடுவதில்லை. கதை எல்லோருக்கும் மனப்பாடம். 1975இல் கோடாக்கின் சொந்தப் பொறியாளர் ஸ்டீவன் சாஸன் டிஜிட்டல் கேமராவைச் செய்து காட்டினார். மேலதிகாரிகள் அதைப் பரணில் தூக்கிப் போட்டார்கள். 2012 ஜனவரியில் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. தூங்கினவன் கன்று கடாக்கன்று என்ற பழமொழிக்கு உரை எழுதவே பிறந்த கதைபோல இருக்கும். மேலாண்மை வகுப்புகளில் இது இன்னும் ஐம்பது வருடம் ஓடும்.

ஆனால் கோடாக் தூங்கவில்லை. சாஸனின் கருவி மூன்றரைக் கிலோவுக்கும் மேல் எடை கொண்டது. பத்தாயிரம் புள்ளிகளால் ஆன கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை ஒலிநாடாவில் பதிய அதற்கு 23 விநாடி ஆனது. அதை அன்றைக்கே கடைக்குக் கொண்டுவரவில்லை என்று யாரையும் குறை சொல்ல முடியாது. பிறகு நடந்ததைத்தான் பார்க்க வேண்டும். இன்று நம் கைபேசிக் கேமராக்களில் மிகப் பெரும்பாலானவை வண்ணத்தை உணர்வது, உணரியின்மேல் பதித்த சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிக் கட்டங்களின் வழியாக. 1976இல் அதற்குக் காப்புரிமை பெற்ற பிரைஸ் பேயர் கோடாக் விஞ்ஞானி. 1981இல் சோனி மாவிகா என்ற மின்னணுக் கேமராவை அறிவித்ததும், கோடாக்கின் சந்தை ஆய்வுப் பிரிவை நடத்திய வின்ஸ் பராபா விரிவான ஆய்வு ஒன்றை மேலிடத்துக்குக் கொடுத்தார். மின்னணுப் படம் ஒருநாள் ஃபிலிமின் இடத்தைப் பிடிக்கும், அதற்குச் சுமார் பத்தாண்டு ஆகும், அதுவரை தயாராக அவகாசம் உண்டு என்பது அதன் சாரம். கணிப்பு பெரும்பாலும் பலித்தது. 1991இல் நிக்கான் கேமராவுக்குள் தன் உணரியைப் பொருத்திச் செய்திப் புகைப்படக்காரர்களுக்கு விற்றது கோடாக். 2001இல் ஒஃபோட்டோ என்ற இணையப் புகைப்படத் தளத்தை வாங்கியது. 2005இல் அமெரிக்காவின் டிஜிட்டல் கேமரா விற்பனையில் முதலிடம் கோடாக்குக்குத்தான்.

முதலிடம் பிடித்தும் காசு வரவில்லை. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் விற்ற ஒவ்வொரு டிஜிட்டல் கேமராவிலும் கோடாக் கையிலிருந்து போட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சந்தையும் நிலைக்கவில்லை. கேமரா உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்குப்படி 2010இல் ஏறத்தாழ 12 கோடி டிஜிட்டல் கேமராக்கள் ஆலைகளிலிருந்து வெளியே போயின. 2023இல் அந்த எண்ணிக்கை 80 லட்சத்தைத் தொடவில்லை. மிச்சத்தைக் கைபேசி விழுங்கிவிட்டது. ஆகவே "கோடாக் ஏன் டிஜிட்டலுக்கு மாறவில்லை" என்பதே தப்பான கேள்வி. மாறி, வென்று, முதலிடத்தில் உட்கார்ந்திருந்தாலும் பத்து வருடத்தில் அதே பள்ளத்துக்குத்தான் வந்திருக்கும்.

சரியான கேள்விக்குப் போக, அந்த நிறுவனத்துக்குக் காசு எந்த வழியாக வந்தது என்று பார்க்க வேண்டும். 1888இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் விற்ற முதல் கோடாக் கேமராவின் விலை 25 டாலர். உள்ளே நூறு படத்துக்கான ஃபிலிம் இருக்கும். தீர்ந்ததும் கேமராவையே ராச்செஸ்டர் நகருக்கு அனுப்பிவிட வேண்டும். 10 டாலர் வாங்கிக்கொண்டு கழுவி, பிரிண்ட் போட்டு, புது ஃபிலிம் ஏற்றித் திருப்பி அனுப்புவார்கள். 1900இல் வந்த பிரௌனி கேமராவின் விலை ஒரே டாலர். ஒரு சுருள் ஃபிலிம் 15 சென்ட். கேமரா வெறும் தூண்டில். ஃபிலிம், அதைக் கழுவும் ரசாயனம், படம் அச்சிடும் தாள் ஆகிய மூன்றிலும்தான் லாபம். அதுவும் ஒருமுறை அல்ல, ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஒவ்வொரு கல்யாணத்துக்கும். (நம் ஊரில் 36 படம் எடுக்கிற ஒரு ரோலைப் பங்குனித் திருவிழாவில் தொடங்கி ஐப்பசிக் கல்யாணத்தில் முடித்த குடும்பங்கள் உண்டு. கோடாக்கின் கணக்கை நம் சிக்கனம் கொஞ்சம் சோதித்திருக்கும்.) 1976 வாக்கில் அமெரிக்காவில் விற்ற ஃபிலிமில் சுமார் 90 விழுக்காடு கோடாக்குடையது. விற்பனை விலையில் பாதிக்கும் மேல் லாபமாக நின்ற பொருள் அது. சட்டத்துக்கு உட்பட்ட தொழில்களில் இப்படி ஒன்று அபூர்வம்.

அந்த லாபத்துக்குக் காவல் நின்றது ஃபிலிம் செய்வதில் உள்ள சிரமம். ஒரு வண்ண ஃபிலிமில் ஏறத்தாழ இருபது அடுக்குகள், நூறளவு வேதிப்பொருள்கள். ஒவ்வொரு அடுக்கும் ஒன்றிரண்டு மைக்ரான் தடிமன். அத்தனையையும் கும்மிருட்டில், வேகமாக ஓடும் அகலமான தாளின்மேல், ஒரு தூசு விழாமல், ஒரு கோடு பிசகாமல் பூச வேண்டும். வெள்ளி உப்பைத் தாங்கிப் பிடிக்கும் ஜெலட்டின் மாட்டு எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் வருகிறது. ஜெலட்டினின் ஒரு தொகுதி நன்றாக வேலை செய்ய, இன்னொரு தொகுதி மந்தமாக இருப்பது ஏன் என்று பல காலம் யாருக்கும் புரியவில்லை. கோடாக் வேதியியலாளர் சாமுவேல் ஷெப்பர்டு 1920களில் அதைக் கண்டுபிடித்தார்: கடுகு வகைச் செடிகளைத் தின்ற மாட்டின் ஜெலட்டினில் நுண்ணளவு கந்தகச் சேர்மம் இருக்கிறது, அதுதான் ஃபிலிமுக்கு ஒளியுணர்வைக் கூட்டுகிறது. மாடு மேய்ந்த புல்வரை இறங்கிப் பார்த்தால்தான் கைவரும் தொழில் இது. உலகம் முழுவதும் வண்ண ஃபிலிமைப் பெரிய அளவில் செய்யத் தெரிந்தவை கோடாக், ஃபியூஜி, அக்ஃபா, கோனிகா என்று விரல்விட்டு எண்ணக்கூடிய நிறுவனங்களே.

டிஜிட்டல் கேமராவுக்கு இந்தக் காவல் கிடையாது. கோடாக்கின் டிஜிட்டல் பிரிவுக்குத் தலைவராக இருந்து, பின்னர் ஹார்வர்டில் பேராசிரியரான வில்லி ஷி 2016இல் எழுதிய கட்டுரையில் இதைத்தான் முன்வைக்கிறார். உணரி ஒருவரிடம், லென்ஸ் ஒருவரிடம், சில்லு ஒருவரிடம் வாங்கி ஒட்டினால் கேமரா தயார். நேற்றுத் தொடங்கிய நிறுவனமும் அதைச் செய்யலாம். யார் வேண்டுமானாலும் நுழையக்கூடிய சந்தையில் ஃபிலிமின் லாபம் யாருக்கும் கிடைக்காது. கோடாக் மேலிடத்துக்கு இது தெரிந்தே இருந்தது என்கிறார் அவர். உள்ளிருந்தவர் என்பதால் கொஞ்சம் தள்ளுபடி செய்து படிக்கலாம். வாதம் என்னவோ பிசகில்லாதது.

அப்படியானால் கோடாக் எங்கே தவறியது? என் பதில் 1975 அல்ல, 1994.

1988இல் கோடாக் ஸ்டெர்லிங் டிரக் என்ற மருந்து நிறுவனத்தை 510 கோடி டாலருக்கு வாங்கியது. வேதியியல் நமக்குத் தெரியும், மருந்தும் வேதியியல்தானே என்பது கணக்கு. ஜப்பானியப் போட்டியாளர் ஃபியூஜி பின்னாளில் இதே கணக்கோடு மருந்துத் தொழிலில் இறங்கியபோது உலகம் கைதட்டியது. கோடாக் அதை இருபது வருடம் முன்பே செய்துவிட்டது. ஆனால் விலை அதிகம், கடன் அதிகம், ஸ்டெர்லிங்கின் ஆய்வுக்கூடத்திலிருந்து பெரிய மருந்து எதுவும் வரவில்லை. பங்குச் சந்தை பொறுமை இழந்தது. 1993 இறுதியில் மோட்டோரோலாவிலிருந்து ஜார்ஜ் ஃபிஷர் தலைமைக்கு வந்தார். அடுத்த ஆண்டே ஸ்டெர்லிங் துண்டு துண்டாக விலைபோனது: மருந்துச் சீட்டு வேண்டிய மருந்துகள் சனோஃபிக்கு, கடையில் நேரே வாங்கும் மருந்துகள் ஸ்மித்கிளைன் பீச்சமுக்கு. நம் வீட்டுக் குளியலறையில் நிற்கும் லைசால்கூட அதுவரை கோடாக்கின் சொத்துதான். அது ரெக்கிட் நிறுவனத்துக்குப் போனது. ரத்தப் பரிசோதனைக் கருவிகள் ஜான்சன் அண்ட் ஜான்சனுக்கு. ஃபிஷர் வருவதற்கு முன்பே முடிவாகியிருந்தபடி, 1920 முதல் கோடாக்கின் மடியில் வளர்ந்த ரசாயனப் பிரிவு 1994 ஜனவரி 1 அன்று ஈஸ்ட்மன் கெமிக்கல் என்ற தனி நிறுவனமாகப் பிரிந்தது. கோடாக்கின் கடனில் ஒரு பகுதியையும் அதன் தலையில் கட்டி அனுப்பினார்கள்.

இவ்வளவும் "முதன்மைத் தொழிலில் கவனம்" என்ற பெயரில் நடந்தது. அன்றைய வணிக ஏடுகளுக்கும் முதலீட்டாளர்களுக்கும் அது வேதவாக்கு. ஒரே ஒரு சங்கடம்: கவனம் செலுத்த மிச்சம் வைத்த முதன்மைத் தொழில், சாகப்போகிறது என்று நிறுவனத்தின் சொந்த ஆய்வே பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் எழுதிவைத்த தொழில். கரையேறப் பயன்பட்டிருக்கக்கூடிய வேதியியல் அறிவையும் ஆட்களையும் ஆலைகளையும் கொடுத்துவிட்டு, ஃபிலிமோடு தனியாக நின்றது கோடாக். பிறகு செய்தவையும் ஃபிலிமைச் சுற்றியே. ஜப்பானியச் சந்தையை ஃபியூஜி அடைத்து வைத்திருக்கிறது என்ற கோடாக்கின் புகாரை அமெரிக்க அரசு உலக வர்த்தக அமைப்புக்குக் கொண்டுபோய், 1998இல் தோற்றது. அதே 1998இல் சீனாவின் ஃபிலிம் ஆலைகளில் நூறு கோடி டாலருக்கு மேல் போட ஒப்பந்தம் செய்தது கோடாக். சீனக் குடும்பங்கள் நடுத்தர வர்க்கமாகும்போது ஃபிலிம் கேமரா வாங்குவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். அவர்கள் ஃபிலிமைத் தாண்டி நேரே டிஜிட்டலுக்கும் கைபேசிக்கும் போனார்கள். ஒஃபோட்டோவையும்கூட பிரிண்ட் விற்கும் கடையாகவே நடத்தி, 2012இல் இரண்டரைக் கோடி டாலருக்கும் குறைவாக விற்றார்கள்.

ஃபியூஜிக்கு வருவோம். 1934இல் தொடங்கிய இந்த நிறுவனம் நெடுங்காலம் கோடாக்கின் நிழலில் இருந்தது. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கின் விளம்பர உரிமையைப் பெற்றபோதுதான் அமெரிக்கர்கள் அந்தப் பச்சைப் பெட்டியைக் கவனித்தார்கள். 2000இல் ஷிகெடாகா கொமோரி தலைவரானபோது விற்பனையில் பாதிக்கும் மேலும், லாபத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கும் புகைப்படத் தொழிலிலிருந்து வந்தன. உலக ஃபிலிம் விற்பனை உச்சம் தொட்ட ஆண்டும் அதுதான். பிறகு வந்தது சரிவல்ல, செங்குத்துப் பள்ளம்: ஆண்டுக்கு இருபது, முப்பது விழுக்காடு வீழ்ச்சி. பத்தாண்டுகளில் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை.

கொமோரி செய்ததில் எனக்கு முக்கியமாகப் படுவது, தன் ஆய்வுப் பிரிவிடம் ஒரு பட்டியல் கேட்டது. நாம் என்ன விற்கிறோம் என்ற பட்டியல் அல்ல, நமக்கு என்ன செய்யத் தெரியும் என்ற பட்டியல். ஓராண்டுக்கும் மேல் அந்த வேலை நடந்தது. மெல்லிய அடுக்குகளைப் பூசத் தெரியும். நுண்துகள்களை நீரில் சீராகப் பரப்பத் தெரியும். கொலாஜன் தெரியும், ஏனென்றால் ஜெலட்டின் அதிலிருந்துதான் வருகிறது. படம் வெளிறுவதற்குக் காரணமான ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கத் தெரியும். இவற்றை எவன் காசு கொடுத்து வாங்குவான் என்று அடுத்த கேள்வி போனது.

அதில் கிடைத்த பெரிய விடை அழகுசாதனம் அல்ல. 2007இல் வந்த அஸ்டாலிஃப்ட் முகப்பூச்சைத்தான் எல்லோரும் சொல்வார்கள். படம் வெளிறுவதும் தோல் சுருங்குவதும் ஒரே வேதியியல் என்று சொன்னால் சுவையாக இருக்கிறது. ஆனால் மொத்த விற்பனையில் அதன் பங்கு சிறிது. நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தியதில் பெரும் பங்கு கண்ணுக்கே தெரியாத ஒரு பொருளுக்கு உண்டு. டிஏசி என்று சுருக்கமாக அழைக்கும் செல்லுலோஸ் ட்ரைஅசிட்டேட் தாள், புகைப்பட ஃபிலிமுக்கு அடித்தளமாக ஃபியூஜி 1950களிலிருந்து செய்துவந்த ஒன்று. மேடுபள்ளம் இல்லாத, கண்ணாடிபோல் தெளிந்த அதே தாள்தான் எல்சிடி திரைகளின் துருவமுனைப்பித் தகட்டுக்குப் பாதுகாப்பு உறையாகத் தேவைப்பட்டது. 1996இல் அதன்மேல் ஒரு திரவப் படிக அடுக்கைப் பூசி, பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் திரை மங்காமல் தெரியச் செய்யும் ஃபிலிமைக் கொண்டுவந்தார்கள். 2000இல் இது ஓரத்தில் கிடந்த சின்னத் தொழில். கணினித் திரையும் தொலைக்காட்சியும் தட்டையாகும் என்று நம்பிக் கொமோரி புதிய ஆலைகளில் பணத்தைக் கொட்டினார். உலகின் டிஏசி தேவையில் பெரும்பகுதி ஃபியூஜியின் கைக்கு வந்தது. ஃபிலிமுக்கு இருந்த அதே காவல் இதற்கும் உண்டு: ஃபிலிம் செய்வதைப் போலவே சிரமமான, வேறு எவரும் எளிதில் நுழைய முடியாத தொழில். டிஜிட்டல் கேமராவில் இல்லாதது அதுதான்.

மருத்துவத்திலும் அதே பாதை. எக்ஸ்ரே ஃபிலிம் விற்றுக்கொண்டிருந்தபோதே, அந்த ஃபிலிமுக்கு எமனாகும் டிஜிட்டல் எக்ஸ்ரே முறையை 1983இல் ஃபியூஜியே சந்தைக்குக் கொண்டுவந்தது. கோடாக் தன் மருத்துவப் படப் பிரிவை 2007இல் 235 கோடி டாலர் அளவுக்கு விற்றது. ஃபியூஜி 2021இல் ஹிட்டாச்சியின் ஸ்கேன் கருவித் தொழிலை வாங்கியது. ஒரே ஆற்றின் இரு கரைகளில் எதிரெதிர்த் திசையில் நடந்திருக்கிறார்கள்.

ஃபியூஜியைக் கோயில் கட்டிக் கும்பிட வேண்டியதில்லை. 2006இல் புகைப்படப் பிரிவில் ஐயாயிரம் பேரை அனுப்பியது. சில ஆண்டுகளில் இன்னொரு ஆட்குறைப்பு. டொயாமா கெமிக்கலை 2008இல் வாங்கியதில் கிடைத்த ஃபாவிபிராவிர் கோவிட் காலத்தில் பெரும் எதிர்பார்ப்பைக் கிளப்பி, எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. ஜெராக்ஸை விழுங்க 2018இல் போட்ட திட்டம் முறிந்தது. அதிர்ஷ்டமும் இருந்தது. 2001இல் ஜெராக்ஸ் பண நெருக்கடியில் இருந்ததால், ஃபியூஜி ஜெராக்ஸ் கூட்டு நிறுவனத்தில் தன் பங்கை 75 விழுக்காடாக்க முடிந்தது. நகல் இயந்திரங்களின் நிலையான வருமானம் மாற்றத்துக்கான செலவைத் தாங்கியது. எல்சிடி திரைத் தொழில் ஜப்பான், கொரியா, தைவானைச் சுற்றியே வளர்ந்தது. எல்லாவற்றுக்கும் மேல், ஃபியூஜி தன் ஓரத் தொழில்களை விற்றுவிட்டு லாபப் பங்கைக் கூட்டிக் கொடு என்று நெருக்கும் முதலீட்டாளர்கள் அன்றைய ஜப்பானில் பலமாக இல்லை. அமெரிக்காவில் இருந்திருந்தால் டிஏசி பிரிவை எவனாவது 1994இலேயே விற்க வைத்திருப்பான் என்பது என் சந்தேகம். மேதைமை பாதி, அவசரப்படுத்தாத மூலதனம் பாதி.

இந்த ஒப்பீட்டில் மூன்றாவதாக நிற்க வேண்டிய ஒரு நிறுவனம் நீலகிரியில் இருந்தது. இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் 1960இல் தொடங்கி, பிரெஞ்சுத் தொழில்நுட்ப உதவியோடு 1967இல் உதகையில் உற்பத்திக்கு வந்தது. குளிர்ந்த, தூசு குறைந்த காற்று ஃபிலிம் பூச ஏற்றது. 'இந்து' என்ற பெயரில் அது விற்ற கறுப்பு வெள்ளை ஃபிலிமிலும் தாளிலும் முகம் பதியாத ஸ்டூடியோ வாடிக்கையாளர்கள் அந்தத் தலைமுறையில் குறைவு. அரசு மருத்துவமனைகளின் எக்ஸ்ரேயும் அதில்தான். உலகில் சில நாடுகளுக்கே கைவந்த வேலையை மலைமேல் இருட்டறையில் நம் தொழிலாளர்கள் செய்துகொண்டிருந்தார்கள்.

அங்கும் அறிவு இருந்தது. ஆனால் நமக்கு என்ன செய்யத் தெரியும் என்று பட்டியல் போட்டு, வேறு பக்கம் திரும்பும் அதிகாரம் ஊட்டியில் இல்லை. பெரிய முதலீடு எதற்கும் டெல்லியின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் வரும்போது சந்தை நகர்ந்திருக்கும். ஃபியூஜி எக்ஸ்ரேயை டிஜிட்டலாக்கிப் பல ஆண்டு கழித்து, பாலியஸ்டர் எக்ஸ்ரே ஃபிலிமுக்கான ஆலையைக் கடன் வாங்கிக் கட்டியது ஊட்டி நிறுவனம். இதை மட்டும் வைத்து அவர்களை முட்டாளாக்க முடியாது. இந்திய மருத்துவமனைகளில் எக்ஸ்ரே ஃபிலிம் இன்னும் பல வருடம் ஓடத்தான் செய்தது. 1991க்குப் பின் இறக்குமதி வரி இறங்க, வெளிநாட்டு ஃபிலிம் மலிவாக உள்ளே வந்தது. கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டே போனது. 1990களின் நடுவில் நலிந்த நிறுவனம் என்று அறிவிக்கப்பட்டது. அதன்பின் கிட்டத்தட்ட இருபது வருடம் மூடுவதா, மீட்பதா என்ற கோப்பு மட்டும் நகர்ந்தது. 2014இல் மிஞ்சியிருந்த ஊழியர்களுக்கு விருப்ப ஓய்வுத் திட்டம் ஒப்புதலானது. கோடாக் தன் முடிவைத் தானே தவறாக எடுத்தது. ஊட்டிக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

இன்று ஃபியூஜிஃபிலிம் ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்று லட்சம் கோடி யென்னுக்கு விற்கிறது. 2006இலேயே பெயரிலிருந்து 'போட்டோ'வை எடுத்துவிட்டது. சினிமாப் படப்பிடிப்புக்கான ஃபிலிமை 2013இல் நிறுத்திவிட்டது. வேடிக்கை என்னவென்றால், ஃபிலிமில் படமெடுக்க விரும்பும் கிறிஸ்டோபர் நோலன் போன்றவர்களுக்கு அதைச் செய்து கொடுப்பது இன்றும் கோடாக்தான். 2024இல் கோடாக்கின் மொத்த விற்பனை சுமார் 104 கோடி டாலர். 1994இல் அது கடனோடு சேர்த்துப் பிரித்து அனுப்பிய ஈஸ்ட்மன் கெமிக்கல் அதே ஆண்டில் 900 கோடி டாலருக்கு மேல் விற்றது.